எண்ணெய்க் கிணறும் எளியோர் பணமும்

நம் சங்க மலரில் அறிவியல் மாணவர் எழுதினால் அணுவைப் பற்றியோ விண்மீனைப் பற்றியோ எழுதுவது வழக்கம். நான் பணத்தைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அதுவும் பூமிக்குள் கொட்டும் பணத்தைப் பற்றி. பூமி இயற்பியல் படிக்கும் மாணவனுக்கு இது ஏன் என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் பாடப் புத்தகத்தில் பாறை அடுக்குகள் உண்டு, அதிர்வலைகள் உண்டு, புவியீர்ப்பு அளவீடுகள் உண்டு. கிணறு தோண்டக் காசு யார் தருகிறார், கிணறு பொய்த்தால் அந்தக் காசு யாருடையது என்ற கேள்வி மட்டும் அதில் இல்லை. அதை என்னிடம் கேட்டவர் மன்னார்குடியில் இருக்கும் என் அத்தை. அவர் கதையைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் தொழிலின் இயல்பைப் பார்ப்போம்.

தமிழருக்கு இத்தொழிலை விளக்க அரபு நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. திருச்செங்கோட்டுக்குப் போனால் போதும். அவ்வூர்க்காரரின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடுகின்றன. இந்த ஐதராபாத்தின் புறநகர்களிலும் இரவெல்லாம் அவற்றின் இரைச்சலைக் கேட்கலாம். வண்டிக்காரர் அடிக் கணக்கில் கூலி பேசுகிறார். ஐந்நூறு அடி போட்டுத் தண்ணீர் வந்தாலும் அதே கூலி. புழுதி வந்தாலும் அதே கூலி. நட்டம் நிலத்துக்காரருக்கு மட்டுமே. எண்ணெய்த் தொழிலும் இம்மாதிரியே. ரிக் வைத்திருப்பவர் நாள் வாடகை பெறுகிறார். குழாய் விற்பவர் விலை பெறுகிறார். அதிர்வலை அளப்பவர் ஊதியம் பெறுகிறார். எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவர்கள் கணக்கு தீர்ந்துவிடும். எல்லாருக்கும் கொடுத்த பிறகு மிச்சம் என்ன என்று காத்து நிற்பவர் ஒருவரே. அவர்தாம் பங்குதாரர்.

நிலத்தில் தோண்டும் கிணற்றுக்கே கோடிக் கணக்கில் செலவாகும். ஆழ்கடலில் ஒரு கிணறு பல நூறு கோடியை விழுங்கும். முன்பின் எண்ணெய் காணாத புதுப் பகுதியில் ஐந்து கிணறுகளில் ஒன்று பலித்தால் நல்ல காலம் என்பார்கள் இத்துறையினர். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு சிக்கலே அன்று. ஓ.என்.ஜி.சி. போன்ற நிறுவனத்துக்குப் பழைய வயல்கள் நாள்தோறும் பணம் சுரக்கின்றன. பொய்த்த நான்கு கிணறுகளின் செலவைப் பலித்த நாற்பது கிணறுகள் தாங்கும். சிறு நிறுவனத்துக்கோ அந்த ஒரு கிணறே உயிர். அதன் கையில் இருப்பது அரசு தந்த ஓர் உரிமப் பத்திரமும் சில வரைபடங்களும் மட்டுமே. வரைபடத்தை நம்பி வங்கி கடன் தராது. ஏனெனில் பாறைக்குள் இருக்கலாம் என்று கருதப்படும் எண்ணெயை அடகு பிடிக்க முடியாது. எண்ணெய் உண்டு, இவ்வளவு உண்டு, எடுத்தால் விலை போகும் என்று மெய்ப்பித்த பிறகே வங்கி கதவைத் திறக்கும். ஆகவே தேடும் காலத்துச் செலவுக்குச் சிறு நிறுவனத்தின் முன்னே இரண்டே வழிகள்தாம் உள்ளன. ஒன்று, தன் வயலில் ஒரு பகுதியைப் பிறருக்குக் கொடுத்து அவரைச் செலவு செய்யச் சொல்வது. மற்றொன்று, புதுப் பங்குகளை அச்சிட்டு விற்பது.

முதல் வழி பழமையானது. ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் செல்வம் ஈட்டிய வில்லியம் நாக்ஸ் டார்சி என்பவர் 1901-இல் பாரசீக மன்னரிடம் எண்ணெய் தேடும் உரிமை பெற்றார். தோண்டினார், தோண்டினார், கைப்பணம் கரைந்தது. 1905-இல் பர்மா எண்ணெய் நிறுவனம் துணைக்கு வந்தது. செலவையும் ஏற்றது, உரிமையின் பெரும்பகுதியையும் பெற்றது. அந்நிறுவனமும் சலித்துப்போய் வேலையை நிறுத்தும் கட்டத்துக்கு வந்தபோது, 1908 மே மாதம் 26-ஆம் நாள் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. மறு ஆண்டு பிறந்த ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனமே இன்று பி.பி. எனப்படுகிறது. டார்சி ஏழையாகவில்லை, பர்மா நிறுவனப் பங்குகள் அவருக்குக் கிடைத்தன. ஆனால் கனவு கண்டவர் அவர். கனவு பலித்தபோது அதன் உரிமையாளர் வேறொருவர். நம் நாட்டில் அசாமின் டிக்பாய் வயலுக்கும் இதே கதைதான். 1889-இல் அங்கே தோண்டத் தொடங்கினர். 1899-இல் அசாம் எண்ணெய் நிறுவனம் பிறந்தது. 1921-இல் அதன் நிருவாகம் பெரிய பர்மா நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. காத்திருக்கப் பணம் உள்ளவனுக்கே எண்ணெய்க் காலம் வரை உரிமை நிலைக்கும் என்பதற்கு இவை சான்றுகள்.

காத்திருந்து வென்றவரும் உண்டு. ராஜஸ்தானின் பார்மர்ப் பகுதியில் ஷெல் என்னும் மாபெரும் நிறுவனம் எண்ணெய் தேடும் உரிமை பெற்றிருந்தது. எடின்பரோவைச் சேர்ந்த கெய்ர்ன் என்னும் சிறிய நிறுவனம் படிப்படியாக அதில் பங்கு பெற்று, 2002-இல் ஷெல்லிடம் எஞ்சியிருந்த பங்கையும் ஏறத்தாழ 70 இலட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. 2004 ஜனவரியில் அங்கே மங்களா வயல் கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நிலப்பகுதியில் பல ஆண்டுகளில் கிடைத்தவற்றுள் மிகப் பெரியது அது. 2009 ஆகஸ்டில் எண்ணெய் வெளிவந்தது. கெய்ர்னின் பழைய பங்குதாரர்க்கு அது வாழ்நாள் அதிருஷ்டம்.

ஆனால் இக்கதையின் நடுவே ஓர் அத்தியாயத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். 2006 டிசம்பரில் கெய்ர்ன் இந்தியா நிறுவனம் நம் மக்களுக்குப் பங்கு ஒன்று 160 ரூபாய் வீதம் விற்றது. அப்பணம் முழுவதும் பாலைவனத்தில் குழி தோண்டப் போகவில்லை. பெரும்பகுதி, வயல்களை விற்ற தாய் நிறுவனத்துக்குப் போயிற்று. 2007 ஜனவரி 9-ஆம் நாள் பங்குச் சந்தைக்கு வந்தபோது முதல் நாளிலேயே அதன் விலை 160-க்குக் கீழே இறங்கியது. பொறுத்திருந்தவர் பின்னர் இலாபம் கண்டனர், அது வேறு. நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஒரு நிறுவனம் பங்கு விற்கும்போது, நாம் தரும் காசு குழிக்குள் போகிறதா, முன்னே வந்தவரின் பைக்குள் போகிறதா என்று கேட்க வேண்டும். இரண்டும் குற்றமல்ல, இரண்டும் ஒன்றல்ல.

இனி நம் காவிரிக்கரைக்கு வருவோம். சுதந்திர இந்தியாவில் தனியார் துறையில் எண்ணெய் தேடப் புறப்பட்ட முதல் நிறுவனம் எனச் சொல்லப்படுவது ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளொரேஷன் கம்பெனி. வீட்டுக் கடன் நிறுவனமான எச்.டி.எஃப்.சி.யைத் தோற்றுவித்த எச்.டி. பாரேக் அவர்கள், எழுபது வயதைத் தாண்டிய பின் 1983-இல் இதைத் தொடங்கினார். காவிரிப் படுகையின் கடற்பகுதியில் இந்நிறுவனத்திடம் பி.ஒய்.-1 என்னும் எரிவாயு வயல் இருந்தது. நூற்றுக்கு நூறும் அதற்கே சொந்தம். கடலில் மேடை கட்ட வேண்டும். கரைக்குக் குழாய் போட வேண்டும். பிள்ளைப்பெருமாள்நல்லூரில் ஆலை எழுப்ப வேண்டும். அக்காலத்தே, 2008-இல், நிறுவனம் உரிமைப் பங்கு வெளியீடு செய்தது. மூன்று பங்கு வைத்திருப்பவர் இரண்டு புதுப் பங்கு வாங்கலாம். விலை 105 ரூபாய். இவ்விதம் திரட்டிய தொகை ஏறத்தாழ 548 கோடி ரூபாய். 7.83 கோடியாக இருந்த பங்குகள் 13.05 கோடியாயின. இத்தாலி நாட்டின் எனி என்னும் பெருநிறுவனம், பர்ரன் நிறுவனத்தை வாங்கியதன் வழியாக, இதில் ஏறக்குறையப் பாதிப் பங்குக்கு உரியதாகி இருந்தது. பெரிய கை துணை நிற்கிறது என்று சிறியவர் நம்பியதில் வியப்பில்லை.

2009 நவம்பரில் வாயு வந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு நிலைக்கவில்லை. உற்பத்தி விரைவில் சரிந்தது. வயலின் இருப்பைக் குறைத்து மதிப்பிட நேர்ந்தது. பெருந்தொகையைக் கணக்கேட்டில் நட்டமாக எழுத நேர்ந்தது. சில ஆண்டுகளில் பங்கின் விலை அந்த 105 ரூபாய்க்கு வெகுவாகக் கீழே போயிற்று. எனியும் பின்னர் விலகிக்கொண்டது.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. பாறைதான் புதிர் போட்டது. அதைப் புரிந்துகொள்ள நம் ஊர்ப் பாறையே போதும். ஐதராபாத்தில் எங்கு திரும்பினாலும் கருங்கல் குன்றுகள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போல் நிற்கும் உருண்டைப் பாறைகள். அவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை. வகுப்பு முடிந்து அவற்றின்மேல் அமர்ந்து பேசும்போது கையால் தடவிப் பாருங்கள். கல்லுக்குள் துளையே இல்லை, வெடிப்புகள்தாம் உண்டு. பி.ஒய்.-1 வயலில் வாயு தங்கியிருப்பது இத்தகைய கெட்டிப் பாறையின் வெடிப்புகளில். மணற்பாறை கடற்பஞ்சு போன்றது; ஒரு துண்டைக் கண்டால் மற்றதை ஓரளவு கணிக்கலாம். வெடிப்புப் பாறை உடைந்த பானை போன்றது. கிணறு ஒரு பெரிய வெடிப்பைத் தொட்டால் முதலில் வாயு ஆவேசமாக வரும். அந்த வெடிப்புக்குப் பின்னே எத்தனை வெடிப்புகள், அவை ஒன்றோடொன்று இணைந்துள்ளனவா என்பதை வாயுவை எடுத்துப் பார்த்தே அறிய முடியும். எடுத்துப் பார்க்கவோ முன்பே முழுப் பணமும் செலவழித்தாக வேண்டும். அறிவு வருவதற்கு முன்னே காசு போய்விடுகிறது! இத்தொழிலின் முடிச்சு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

அந்நிறுவனம் மடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அசாமில் டிரோக் என்னும் வாயு வயலை அது 2017-இல் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அங்கே நிறுவனத்தின் பங்கு நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். எஞ்சியவை ஆயில் இந்தியாவுக்கும் இந்தியன் ஆயிலுக்கும் உரியவை. இரண்டு வயல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் முழு உரிமை, முழு ஆபத்து. மற்றொன்றில் சிறு பங்கு, தோள் கொடுக்கப் பெரியவர் இருவர். சிறியவன் தனியே பாரம் சுமப்பதைவிடக் கூட்டாகச் சுமப்பது நலம் என்பதை நம் உழவர்கள் நீண்ட காலமாக அறிந்திருக்கிறார்கள்.

தேடும்போதே கடன் வாங்கினால் என்ன ஆகும்? கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் குஜராத் அரசின் பெட்ரோலிய நிறுவனம் 2005-இல் மாபெரும் வாயு இருப்பை அறிவித்தது. கண்டது அறிவித்ததினும் மிகக் குறைவு. பாறை சூடும் அழுத்தமும் மிக்கது. கடன் ஏறத்தாழ 20 ஆயிரம் கோடி ரூபாய் வரை ஏறிற்று. முடிவில் 2017-இல் அதன் 80 விழுக்காட்டுப் பங்கை ஓ.என்.ஜி.சி. வாங்கி ஏற்றுக்கொண்டது. அரசு நிறுவனம் ஆதலால் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தது. சிறு தனியார் நிறுவனமாயின் வட்டி கேட்பவன் வயலையே எடுத்துக்கொள்வான். பங்குதாரர்க்கு வெறுங்காகிதம் மிஞ்சும். இதனால்தான் கடனைவிடப் பங்கே மேல் என்று நிருவாகிகள் சொல்கின்றனர். பங்குக்கு வட்டி இல்லை. திருப்பித் தரும் நாளும் இல்லை. ஆனால் ‘இனாம் பணம்’ என்று உலகில் ஒன்று உண்டா? அதன் விலையைக் கட்டுபவர் பழைய பங்குதாரரே.

இப்பொழுது என் அத்தையின் கதை. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், கணக்கில் புலி. மாமா மறைந்தபோது விட்டுச்சென்றவற்றுள் ஒரு சிறு எண்ணெய் நிறுவனத்தின் 300 பங்குகளும் இருந்தன. பெயர் இங்கே வேண்டா. கோவில்களப்பால் பக்கம் வயல் நடுவே ரிக் நிற்பதைப் பார்த்துப் பார்த்து மாமாவுக்கு எண்ணெய் மீது ஒரு மயக்கம். இரண்டு பங்குக்கு ஒன்று என உரிமைப் பங்கு அறிவிப்பு வந்ததும் அத்தை தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நீ பூமியைப் படிக்கிறவன்தானே? இந்தக் காசைக் கட்டலாமா, வேண்டாமா? அடியிலே எண்ணெய் இருக்கா, இல்லையா?” பத்தாண்டுகளுக்கு முன் அப்பாவின் வேலை காரணமாக எங்கள் குடும்பம் செகந்திராபாத்துக்கு வந்த பிறகு, குடும்பத்தில் எனக்குக் கிடைத்த முதல் அறிவியல் கேள்வி அதுதான்!

அடியில் இருப்பதை நான் எப்படிச் சொல்வேன்? கணக்கைச் சொன்னேன். எண்களை எளிமையாக்கித் தருகிறேன். சந்தையில் பங்கு 100 ரூபாய். புதுப் பங்கு 55 ரூபாய் என்க. இரண்டு பழைய பங்கும் ஒரு புதுப் பங்கும் சேர்ந்து 255 ரூபாய். மூன்றால் வகுத்தால் 85. வெளியீடு முடிந்ததும் விலை 85-ஐ ஒட்டி நிற்கும். அத்தை 150 புதுப் பங்குகளை வாங்க வேண்டுமானால் 8,250 ரூபாய் கட்ட வேண்டும். கட்டாமல் வாளா இருந்தால் அவருடைய 300 பங்குகளும் 15 ரூபாய் வீதம் குறைந்து 4,500 ரூபாய் நட்டம். அதோடு, ஆயிரத்தில் ஒரு பங்கு அவருடையதாக இருந்திருந்தால் இனி ஆயிரத்து ஐந்நூற்றில் ஒன்றே அவருடையது. நாளை எண்ணெய் பீறிட்டாலும் அவர் பங்கு மூன்றில் ஒரு பகுதி சிறுத்ததாகவே இருக்கும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. பலர் அறியாதது அதுவே. வாங்கும் உரிமையையே விற்கலாம். 85 ரூபாய்ப் பொருளை 55-க்கு வாங்கும் உரிமைக்கு விலை 30 அல்லவா? 150 உரிமைகளுக்கு 4,500 ரூபாய். இழந்தது அப்படியே திரும்பி வந்துவிடும். 2020 முதல் இவ்வுரிமைகள் பங்குதாரரின் டிமேட் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகின்றன. குறித்த நாளுக்குள் சந்தையில் விற்றுவிடலாம். கைப்பணம் போடாமலே, 98 உரிமைகளை விற்று அப்பணத்தில் 52 பங்குகளை வாங்கிக்கொள்ளவும் முடியும். நாள் கடந்தால் உரிமை செத்துவிடும். அறிவிப்பைப் படிக்காமல் மேசை இழுப்பறையில் போடுவோரின் பணம் இப்படித்தான் ஓசையின்றிப் பிறர் கைக்கு மாறுகிறது. அறிவிப்பு வருவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். பக்கங்களோ நூற்றுக் கணக்கில். இன்னொரு கொடுமையும் கேளுங்கள். சில வேளைகளில் நிறுவனங்கள் உரிமைப் பங்கை விடுத்து, பெரும் முதலீட்டு நிறுவனங்களுக்கு மட்டும் சலுகை விலையில் பங்கு தருகின்றன. அப்பொழுது என் அத்தை போன்றவர்க்கு விற்கக்கூட உரிமை இல்லை. பங்கு சிறுப்பது மட்டும் உண்டு.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சொன்னார்: “தோட்டத்துலே உங்க மாமா மூணு தடவை போர் போட்டார். ஒவ்வொரு தடவையும் இன்னும் நூறு அடி போனா தண்ணின்னு சொன்னாங்க. நாலாவது தடவைக்கு என் வளையலைக் கேட்டார். நான் தரலை. அவர் வச்சுட்டுப் போன முந்நூறும் இருக்கட்டும், வந்தா வரட்டும். புதுக் காசு போட மாட்டேன்.” உரிமைகளை விற்றுவிட்டார். அந்தக் கிணற்றின் முடிவு இன்னும் தெரியவில்லை. எண்ணெய் வந்தால் அத்தை தோற்றவர் ஆவாரா? ஆகார் என்பதே என் கருத்து. தாங்கக்கூடிய அளவே பந்தயம் வைப்பது கோழைத்தனமன்று. இத்துறையின் பெரிய நிறுவனங்களே வயலைப் பங்கு போட்டுக்கொண்டு செய்வதும் அதைத்தான்.

நண்பர்களே, சிறு நிறுவனங்கள் வேண்டா என்பது என் வாதமன்று. தான் எரிக்கும் கச்சா எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு நம்முடையது. பெரியவர் ஒதுக்கிய மூலைகளில் துணிந்து தோண்டுபவர் சிறியவரே. ஷெல் விட்டதைக் கெய்ர்ன் கண்டது. வயலும் வாழ்வும் சேர்ந்திருக்கும் நிலத்தில் எங்குத் தோண்டலாம், எங்குத் தோண்டலாகாது என்பது வேறொரு பெரிய கேள்வி. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழ்நாடு 2020-இல் சட்டம் செய்ததும் அதன் பொருட்டே. இங்கு நான் வேண்டுவது சிறியதொன்று. பணம் கேட்பவரிடம் பணம் தருபவர் சில கேள்விகள் கேட்கப் பழக வேண்டும். கையிருப்பு எத்தனை கிணற்றுக்குக் காணும்? வயலில் உங்கள் பங்கு எவ்வளவு, உடன் செலவு செய்பவர் யார்? நீங்கள் சொல்லும் அளவு மெய்ப்பித்த இருப்பா, இருக்கலாம் என்னும் மதிப்பீடா? முதல் கிணறு பொய்த்தால் மறுபடியும் எங்களிடம்தான் வருவீர்களா? இந்த வெளியீட்டில் நிருவாகிகள் தம் பங்குக்கு உரிய காசைக் கட்டுகின்றனரா?

இந்தக் கேள்விகளுக்கு விடை அந்தத் தடித்த அறிவிப்பிலேயே பெரும்பாலும் இருக்கிறது. படித்துச் சொல்ல ஆள்தான் இல்லை. இவ்வூரில் 1961 முதல் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் சங்கத்தில் பாறை படிப்போரும் இருக்கிறோம், வணிகவியல் படிப்போரும் இருக்கிறோம். பாறை தெரிந்தவனுக்கு ஐந்தொகை தெரியாது. ஐந்தொகை தெரிந்தவனுக்குப் பாறை தெரியாது. இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து, ஒரு நிறுவனத்தின் அறிவிப்பை எடுத்து, நல்ல தமிழில் நான்கு பக்கமாக எழுதினால் என்ன? அடுத்த மலருக்குள் ஒன்றேனும் எழுத நான் முன்வருகிறேன். வணிகவியல் நண்பர் ஒருவர் கைகோக்க வேண்டும்.